அப்பா தொடாத கிழங்கு

நம் வயதுக்காரர்களில் பாதிப் பேருக்கு டாக்டர் கிழங்கைத் தடுத்துவிட்டார். காலையில் தண்ணீர்மலைப் பக்கம் நடந்து முடித்துத் தேநீர் குடிக்க உட்கார்ந்தால், பேச்சு எங்கே தொடங்கினாலும் கடைசியில் சர்க்கரையில்தான் வந்து நிற்கிறது. போன வாரமும் அப்படித்தான். "சோத்தக்கூட குறைச்சிட்டேன், மரவள்ளிய மட்டும் விட முடியலலா" என்றார் நம்மில் ஒருவர். இன்னொருவர், "எங்கப்பா அத வீட்டுக்குள்ளயே விட மாட்டாரு. ஜப்பான்காரன் காலத்துல தின்னு தின்னு வெறுத்துப் போச்சு" என்றார். எல்லோரும் தலையாட்டினோம். நம் அப்பாக்களில் பலர் அப்படித்தான் இருந்தார்கள்.

என் அப்பாவும் மரவள்ளியைத் தொட மாட்டார். அவர் சொல்லாத காரணம் எங்களுக்குத் தெரிய வந்தது என் பத்தாவது வயதில். அத்தை எங்கள் வீட்டுக்கு வந்த வருடம் அது. உங்களிடம் அதைச் சொல்ல வேண்டும் என்று போன வாரம் தேநீர் குடித்துவிட்டு வீடு திரும்பும்போதே நினைத்துக்கொண்டேன்.

அப்பா துறைமுகத்தில் கிராணி, கணக்கு எழுதும் குமாஸ்தா. டத்தோ கிராமட் சாலைக்குப் பின்னால் வரிசையாகக் கட்டியிருந்த அரசாங்க வீடுகளில் ஒன்றில் குடியிருந்தோம். அப்பா, அம்மா, நான், நாலு வயதுத் தம்பி. அவனை வீட்டில் சின்னவன் என்றுதான் கூப்பிடுவோம். பத்து வயதில் எனக்குத் தெரிந்த கிழங்கு என்றால் உருளைக்கிழங்கு ஒன்றுதான். அதுவும் சாக்கில் கப்பல் ஏறி வருவது. மண்ணுக்குள்ளிருந்து ஒன்றைப் பிடுங்கிச் சாப்பிடலாம் என்பதே எனக்குப் புதிதாக இருந்தது.

அத்தை அப்பாவின் அக்கா. அப்போது அவருக்கு நாற்பது வயதுதான் இருக்கும். சிம்பாங் அம்பாட் பக்கத்து ரப்பர்த் தோட்டம் ஒன்றில் பால் வெட்டிக்கொண்டிருந்தார். கணவர் இறந்துவிட்டார், பிள்ளைகள் இல்லை. தோட்டத்தைத் துண்டு துண்டாக விற்றுவிட்டார்கள், தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தை இடிக்கப் போகிறார்கள் என்று தெரிந்ததும் அப்பாவே போய், "எங்கூட வந்து இரு" என்று சொல்லிவிட்டு வந்தார். பொங்கல் முடிந்த இரண்டொரு வாரத்தில் அத்தை வந்தார்.

ஃபெரித் துறைக்கு நானும் அப்பாவும் போயிருந்தோம். பட்டர்வொர்த்திலிருந்து வந்த ஃபெரியில் இருந்து கூட்டம் கூட்டமாக ஆட்கள் இறங்கினார்கள். கடைசியில் அத்தை வந்தார். ஒரு தகரப் பெட்டி, ஒரு சாக்கு. கக்கத்தில், விறகுக் கட்டுபோல, கயிற்றால் இறுக்கிக் கட்டிய குச்சிகள். அப்பா சிரித்துக்கொண்டே பெட்டியை வாங்கினார், சாக்கை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டார். குச்சிகளைப் பார்த்ததும் அவர் முகத்தில் இருந்த சிரிப்பு போய்விட்டது.

"இத எதுக்குக்கா தூக்கிட்டு வந்த?"

"நடத்தான். உங்க வீட்டுக்குப் பின்னால காலி எடம் இருக்குன்னு நீதான சொன்ன."

"இங்க எல்லாம் பாசார்ல கெடைக்கும்."

"இது கெடைக்காது. இது நம்ம லயத்துக் குச்சி."

அப்பா அந்தக் கட்டை வாங்கவில்லை. நான்தான் வாங்கினேன். பேருந்தில் வீடு வரும் வரையில் அதை மடியில் வைத்திருந்தேன். குச்சி நெடுக, இலை உதிர்ந்த தழும்புகள் சின்னச் சின்ன முடிச்சுகளாக இருந்தன. காய்ந்த பால் வெட்டுவாயில் கறுத்திருந்தது. அத்தையின் சேலையில் ரப்பர்ப் பாலும் மண்ணும் கலந்த ஒரு வாசனை. அம்மாவின் முகப்பவுடர் வாசனைக்குப் பழகிய எனக்கு அது ஒரு பெரிய ஆளின் வாசனையாகத் தோன்றியது.

எங்கள் வரிசைக்குப் பின்னால் பெரிய சாக்கடை வரைக்கும் ஒரு நீண்ட துண்டு நிலம் கிடந்தது. லாலான் புல்லும் உடைந்த ஓடுகளும்தான் அங்கே இருந்தவை. வந்த மறுநாளே அத்தை ஒரு சங்குல் கேட்டார். மண்வெட்டியை நாம் அப்படித்தானே சொல்வோம். எங்கள் வீட்டில் அது இல்லை. அடுத்த வரிசையில் இருந்த மக்சிக்கிடம் இரவல் வாங்கி வந்தார். மலாய்க்காரப் பெண்மணி அவர். அத்தைக்கும் அவருக்கும் அன்றே நட்பாகிவிட்டது.

அத்தை வேலை செய்வதைப் பார்க்க எனக்கு அலுக்கவே இல்லை. அவர் அவசரப்பட மாட்டார், இடையில் நிறுத்தவும் மாட்டார். லாலான் வேரை மேலே வெட்டிப் போட்டால் மறுபடி முளைக்கும் என்று ஒவ்வொரு வேரையும் அதன் போக்கிலேயே தேடிப் போய் வெளியே இழுப்பார். ஓட்டுத் துண்டுகளைப் பொறுக்கிச் சாக்கடை ஓரம் கரை கட்டினார். பால்காரர் வீட்டிலிருந்து காய்ந்த சாணம், அடுப்புச் சாம்பல், பாசாரில் கழித்துப் போட்ட கீரைக் குப்பை எல்லாம் அந்த மண்ணுக்குள் போயின. சில வாரங்களில் செங்கல் நிறத்தில் கெட்டியாகக் கிடந்த மண் கறுத்து, கையில் அள்ளினால் உதிர்கிற மாதிரி ஆனது. அதை நான் என் கண்ணால் பார்த்தேன். பிறகு எத்தனையோ பெரிய கட்டடங்கள் எழும்புவதைப் பார்த்திருக்கிறேன். அந்த அளவுக்கு எதுவும் என்னை வியக்க வைத்ததில்லை.

மேடு மேடாக மண் அணைத்துச் சர்க்கரைவள்ளிக் கொடியை நட்டார். குழி எடுத்துச் சேனையை வைத்தார். சாக்கடை ஓரத்து ஈரத்தில் சேம்பு. வாசல் பக்கம் மஞ்சள். அப்பா வேலைக்குப் போவதற்கு முன் பின்வாசலில் நின்று பார்ப்பார். பிடிக்காமலில்லை. ஒருநாள் வெள்ளைச் சட்டையை மடித்து விட்டுக்கொண்டு ஒரு குழியை அவரே தோண்டிக் கொடுத்தார். குச்சிக் கட்டின் பக்கம் மட்டும் அவர் பார்வை போகாது.

"எத வேணும்னாலும் நடுக்கா. அது மட்டும் வேணாம்" என்றார்.

"ஏன்டா?"

"வேணாம்னா வேணாம்."

அத்தை அதோடு விட்டுவிட்டார். அப்பா வேலைக்குப் போன பிறகு அம்மாவிடம் சொன்னார், "பெரிய எடத்துல வேலை பாக்குறான்ல. நாலு பேரு பாத்தா கௌரவக் குறைச்சல்னு நெனைக்கிறான்."

அம்மாவும் அதைத்தான் நினைத்தார். "பக்கத்து வீட்டு டீச்சரம்மா என்ன நெனைப்பாங்கன்னு எனக்கே கூச்சமாத்தான் இருக்கு அண்ணி" என்றார்.

"சோறு போட்ட செடி. தூக்கி வீச மனசு வரல" என்றார் அத்தை. பிறகு சாக்கடைக் கரையின் கடைசி மூலையில், வீட்டிலிருந்து பார்த்தால் சட்டென்று கண்ணில் படாத இடத்தில், மரவள்ளிக் குச்சிகளைச் சாண் சாணாக வெட்டி, மொட்டு மேல் பார்க்கச் சாய்த்து நட்டார். அப்பா அதைப் பார்த்தார் என்று எனக்குத் தெரியும். அன்றிலிருந்து காலையில் அவர் பின்வாசலில் வந்து நிற்பதை நிறுத்திக்கொண்டார்.

அவர்கள் எப்படிப்பட்ட அக்காவும் தம்பியும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டும். ஜப்பான்காரன் காலத்தில் தாத்தாவைச் சயாமுக்கு ரயில் பாதை போட இழுத்துப் போனார்கள். அவர் திரும்பவில்லை. பாட்டி அடுத்த வருடமே காய்ச்சலில் போய்விட்டார். அப்போது அத்தைக்குப் பதின்மூன்று பதினாலு வயது. அப்பா ஏழெட்டு வயதுப் பிள்ளை. லயத்துக்குப் பின்னால் கிழங்கு போட்டு, கூலி வேலைக்குப் போய், அத்தைதான் அப்பாவை வளர்த்தார். சண்டை முடிந்ததும் பால் வெட்டிப் படிக்க வைத்தார். அப்பா கிராணியான பிறகுதான் அத்தை தனக்குக் கல்யாணம் என்பதையே யோசித்தார். அப்பா யாரிடமும் அடங்கிப் பேசாதவர். அத்தை "டேய்" என்றால் நின்று கேட்பார். அப்படிப்பட்டவர்களுக்கு இடையில் அந்த மூலைச் செடி ஒரு சுவரைப் போல வளர்ந்துகொண்டிருந்தது.

அந்த வருடத்தில் சிரிப்பும் இருந்தது. சில நாள் மழை விடாமல் பெய்து ஓய்ந்தபோது, எங்கள் வரிசை முழுக்கப் பிணவாடை. எலி செத்துக் கிடக்கிறது என்றார்கள், பூனை என்றார்கள். அப்பா டெட்டாலை வாளியில் கரைத்துச் சாக்கடை நெடுக ஊற்றினார். மக்சிக் மூக்கைத் துணியால் பொத்திக்கொண்டு தன் வீட்டுக் கோழிகளை எண்ணிப் பார்த்தார். நாற்றம் கூடிக்கொண்டே போனது. அத்தை மட்டும் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தார். கடைசியில் என்னைக் கூட்டிக்கொண்டு போய்ச் சேனைக் குழியைக் காட்டினார். இலையே இல்லாத வெறும் மண்ணிலிருந்து ஊதாவும் கருஞ்சிவப்புமாக, யானைக் காது அகலத்துக்கு ஒரு பூ விரிந்திருந்தது. சுற்றிலும் ஈ.

"இதுதான் பொணம்" என்றார் அத்தை. "ஈய வரவைக்கத்தான் இந்த வாசனை. ரெண்டு நாள்ல அடங்கிடும்."

அன்று சாயங்காலம் அக்கம்பக்கத்துக்காரர்கள் எல்லாரும் மூக்கைப் பிடித்துக்கொண்டு அந்தப் பூவைப் பார்க்க வந்தார்கள். அசிங்கமான அந்தப் பூவைப் போல அழகான ஒன்றை நான் அதுவரை பார்த்ததில்லை.

வருட நடுவில் சர்க்கரைவள்ளி தோண்டினோம். கொடியை ஒதுக்கி மண்ணில் கை விட்டால், உள்ளே மண் வெதுவெதுப்பாக இருக்கும். விரல் ஒன்றைத் தொடும். அது கல்லா கிழங்கா என்று கண்டுபிடிக்கும் அந்த நொடிக்காகவே நான் பள்ளிக்கூடத்திலிருந்து ஓடி வருவேன். தணலில் சுட்ட கிழங்கை அப்பா தோலோடு சாப்பிட்டார். சேம்பைப் புளி ஊற்றிச் சமைத்தால் இன்னொரு கரண்டி கேட்டார். கௌரவக் குறைச்சல் என்றால் இதுவும் கௌரவக் குறைச்சல்தானே என்று யாருக்கும் தோன்றவில்லை. பெரியவர்கள் ஒரு காரணத்தை முடிவு செய்துகொண்டால், கண் முன்னால் இருப்பது அவர்களுக்குத் தெரிவதில்லை. இப்போது நானும் பெரியவள், நானும் அப்படித்தான் இருக்கிறேன்.

டீச்சரம்மாவைப் பற்றிய கணக்கும் தப்பாகப் போனது. அவர் யாழ்ப்பாணத்துக் குடும்பம். வெள்ளைச் சேலை, கறுப்புக் குடை, கான்வென்டில் ஆங்கிலப் பாடம். அம்மா அவர் முன்னால் சத்தமாகக்கூடப் பேச மாட்டார். ஒருநாள் அவர் வேலிக்கு அந்தப் பக்கம் வந்து நின்றார். அம்மா அவசர அவசரமாக, "இதெல்லாம் எங்க நாத்தனார் போட்டதுங்க, சும்மா பொழுதுபோக்குக்கு" என்று தொடங்கினார்.

டீச்சரம்மா அதைக் கேட்கவில்லை. "அங்க மூலையில நிக்கிறது மரவள்ளி தானே?" என்றார். "எத்தனை வருசமாச்சு கண்டு. கிழங்கு எடுக்கேக்குள்ள எனக்கும் ஒண்டு தருவீங்களோ?"

"பொங்கலுக்கு எடுப்பேன். உங்களுக்கு இல்லாமலா" என்றார் அத்தை.

"அண்டைக்கு இஞ்சித் தேத்தண்ணி மட்டும் குடிச்சிடாதேங்கோ. மரவள்ளிக்கு இஞ்சி ஆகாது. எங்கட அம்மா சொல்லுவா." அவர் குரல் ஒரு சிறு பெண்ணின் குரல்போல இருந்தது.

மக்சிக் அதற்கு முன்பே மரவள்ளிக் கொழுந்தைக் கிள்ளிப் போய்த் தேங்காய்ப்பாலில் சமைத்து ஒரு தட்டு அனுப்பியிருந்தார். அப்பா அதைத் தொடவில்லை.

பொங்கலுக்கு முந்தைய சனிக்கிழமை. அப்பாவுக்கு அரை நாள் வேலைதான் என்றாலும் சங்கக் கூட்டம் இருக்கிறது, சாயங்காலம்தான் வருவேன் என்று சொல்லியிருந்தார். அத்தை மூலைக்குப் போய் ஒரு செடியைப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டி, குதிகாலை மண்ணில் ஊன்றி இழுத்தார். மண் விரிந்து கொடுத்தது. கொத்தாக, விரித்த கைபோலக் கிழங்குகள் வெளியே வந்தன. மேல்தோல் மரப்பட்டை மாதிரி. அதைக் கீறினால் உள்ளே இளஞ்சிவப்பில் ஒரு தடித்த தோல், சுருள் சுருளாக உரிந்து வரும். அதற்குள்ளே வெள்ளை. எத்தனை அழுக்கிலிருந்து எடுத்தாலும் அப்படி ஒரு வெள்ளை. அத்தை பச்சையாக ஒரு துண்டை முதலில் தான் கடித்துப் பார்த்தார். பிறகு உப்பும் மஞ்சளும் போட்டு வேகவைத்து, தண்ணீரை வடித்தார். வெந்த துண்டுகள் பூப்போல வெடித்திருந்தன. நேற்று வைத்த கெம்போங் மீன் குழம்பைத் தொட்டு நான் முதல் துண்டைச் சாப்பிட்டேன். அந்த ருசியை எப்படிச் சொல்வது? பசியே இல்லாதவனுக்கும் பசி உண்டாக்கி, உடனே அதை ஆற்றியும் விடுகிற ருசி.

கூட்டம் நடக்கவில்லை போலிருக்கிறது. அப்பா மதியமே வந்துவிட்டார். பின்வாசல் படியில் சின்னவன் உட்கார்ந்து இரண்டு கையாலும் ஒரு துண்டைப் பிடித்துத் தின்றுகொண்டிருந்தான். அப்பா நின்றார். என்ன சாப்பிடுகிறான் என்று பார்த்தார். அடுத்த நொடி பாய்ந்து வந்து, அவன் கையிலிருந்ததைத் தட்டிவிட்டு, வாய்க்குள் விரலைவிட்டு, மென்றிருந்ததையெல்லாம் தோண்டி எடுத்தார். சின்னவன் வீறிட்டான்.

"துப்பு. துப்புடா. முழுங்கிட்டியா?"

"என்னங்க, வெறும் கிழங்குங்க" என்று அம்மா ஓடி வந்தார்.

அப்பா அவரைப் பார்க்கவே இல்லை. சுவரில் மாட்டியிருந்த பாராங் கத்தியை எடுத்துக்கொண்டு மூலைக்குப் போனார். எங்கள்மேல் ஒருநாளும் கை ஓங்காத மனிதர், அந்தச் செடிகளை வெறி பிடித்தவரைப்போல வெட்டினார். தண்டுகள் சரிந்தன. வெள்ளைச் சட்டை முழுக்கப் பால் தெறித்தது. வேலிக்கு அந்தப் பக்கம் டீச்சரம்மா வந்து நின்றுவிட்டு, உடனே உள்ளே போய்விட்டார். அம்மா தடுக்கப் போனபோது அத்தை கையைப் பிடித்து நிறுத்தினார்.

"விடு. வெட்டட்டும்."

எல்லாம் சாய்ந்த பிறகு அப்பா சாக்கடைக் கரையில் உட்கார்ந்தார். மூச்சு வாங்கியது. அத்தை மெல்லப் போய், பாராங்கை அவர் கையிலிருந்து எடுத்துத் தள்ளி வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார். நான் சின்னவனை இடுப்பில் வைத்துக்கொண்டு, போவதா நிற்பதா என்று தெரியாமல் சேனைக் குழிக்குப் பக்கத்தில் நின்றிருந்தேன்.

"நான் ஊருக்குப் போயிடட்டுமா தம்பி?" என்று அத்தை கேட்டார். ஊர் என்று ஒன்று அவருக்கு இல்லை. லயத்தை இடித்தாகிவிட்டது.

அப்பா வேண்டாம் என்று தலையை ஆட்டினார்.

"அவன் கையில அதப் பாத்ததும் தங்கச்சி மொகந்தான் தெரிஞ்சிச்சு."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அப்பாவுக்குத் தங்கை ஒருத்தி இருந்தாள் என்பதே எனக்குத் தெரியாது. அத்தை அப்பாவைப் பார்த்தபடி இருந்தார்.

"நான்தானக்கா குடுத்தேன். நீ வேலைக்குப் போயிருந்த. அவ பசி பசின்னு அனத்திட்டே இருந்தா. வேலியோரத்துல போயி ஒரு கெழங்கு பிடுங்கி, சுட்டு, அவ கையில குடுத்தேன். நீ வர்றதுக்குள்ள போயிட்டா. வேலியோரத்துல நட்டிருந்தது கசப்பு. பன்னி தொடாதுன்னு நட்டிருந்தாங்க. தின்னா செத்துப் போவாங்கன்னு அப்புறந்தான் எனக்குத் தெரியும்." அப்பா கையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "உனக்குத் தெரியும்னுதான் நெனைச்சிருந்தேன். தெரிஞ்சும் என்னைய ஒண்ணும் கேக்கலன்னு நெனைச்சேன்."

அத்தை அந்தக் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். பிறகு, "அவ அதத் தின்னவே இல்லடா" என்றார்.

அப்பா நிமிர்ந்தார்.

"நாலஞ்சு நாளா காய்ச்சல் அவளுக்கு. தண்ணியே எறங்கல. நீ சின்னப் புள்ள, அது உனக்கு ஞாபகமில்ல. நான் வந்து பாக்கையில கெழங்கு அவ கையில இருந்திச்சு. இறுக்கிப் பிடிச்சிருந்தா. ஒரு பல்லு படல அதுல."

"கீழ விழுந்திருக்கும். வேற துண்டத் தின்னிருப்பா."

"இல்ல. முழுசா இருந்திச்சு. எனக்குத் தெரியும்." அத்தையின் குரல் இறங்கியது. "நான் தின்னேன் அத."

சாக்கடையில் தண்ணீர் ஓடுகிற சத்தம் கேட்டது.

"அவளக் கொண்டு போயி வெச்சிட்டு வந்தாங்க. வீட்டுல ஒண்ணுமில்ல. அவ கையிலேருந்து எடுத்து மடியில முடிஞ்சிருந்தேன். உன்னப் படுக்க வெச்சிட்டு, நானே தின்னேன். உனக்குக்கூட ஒரு துண்டு குடுக்கல. அது கசக்கல தம்பி. வேலியோரத்துல ரெண்டும் கலந்துதான் நின்னிச்சு. கசப்பா இருந்தா நான் இன்னிக்கு உம் பக்கத்துல ஒக்காந்திருப்பேனா?"

"ஏன்க்கா எங்கிட்ட சொல்லல?"

"செத்த புள்ள கையில இருந்தத எடுத்துத் தின்னேன்னு எப்படிச் சொல்றது?"

அப்பா அத்தையின் தோளில் முகத்தை வைத்து அழுதார். ஓர் ஆண் அப்படி அழுவதை நான் முதல் தடவையாகப் பார்த்தேன். அத்தை அழவில்லை. அப்பாவின் முதுகைத் தட்டிக்கொண்டே இருந்தார், சின்னவனைத் தட்டித் தூங்க வைப்பதுபோல. ஒரே வீட்டில் வளர்ந்த இரண்டு பிள்ளைகள், ஒரே கிழங்கை ஆளுக்கொரு பக்கமாக, இத்தனை காலம் ஒளித்து வைத்திருந்தார்கள். அதை அன்று இப்படிச் சொல்ல எனக்குத் தெரியாது. அவர்கள் இருவரும் திடீரென்று சின்னப் பிள்ளைகள் மாதிரி ஆகிவிட்டார்கள் என்று மட்டும் தோன்றியது.

மறுநாள் காலை நான் எழுந்தபோது அத்தை மூலையில் இருந்தார். வெட்டுப்பட்ட தண்டுகளைத் தரம் பிரித்து, நடுவதற்கு ஆகிறவற்றைச் சாண் சாணாக நறுக்கிக்கொண்டிருந்தார். "மேல என்ன பண்ணாலும் கெழங்குக்கு ஒண்ணும் ஆகாது" என்றார் என்னிடம். அப்பா கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தார். தண்டைப் பிடித்து இழுக்க முடியாதபடி அடியோடு வெட்டியிருந்ததால், தோண்டித்தான் எடுக்க வேண்டியிருந்தது. அவர் சங்குலை எடுத்துக் கிழங்கில் படாமல் தள்ளி ஊன்றி, நெம்பி, பிறகு மண்டியிட்டுக் கையால் மண்ணை ஒதுக்கினார். யாரும் அவருக்குச் சொல்லித் தரவில்லை. கிராணியின் கைக்கு அத்தனையும் நினைவிருந்தது. டீச்சரம்மாவுக்கு நல்ல கிழங்காக அவரே தேர்ந்தெடுத்து, கழுவி, வேலி மேலாகக் கொடுத்தார்.

அத்தை இன்னும் சில வருடங்கள் எங்களோடு இருந்தார். பள்ளிக்கூடக் கேன்டீன் ஒன்றில் அவருக்கு வேலை கிடைத்தது. பின்னால் இருந்த நிலத்தில் அடுக்குமாடி கட்ட ஆட்கள் வந்தபோது, சேனையையும் மஞ்சளையும் சாக்கில் கட்டிக்கொண்டு மாக் மண்டின் பக்கம் ஒரு வீட்டுக்கு மாறினார். அங்கேயும் ஒரு துண்டு இடம் கண்டுபிடித்தார். அப்பா ஓய்வு பெற்ற பிறகு ஞாயிறு தவறாமல் ஃபெரி ஏறிப் போவார். இரண்டு பேரும் கிழங்கு வேகவைத்துச் சாப்பிட்டுவிட்டு, அதிகம் பேசாமல் வாசலில் உட்கார்ந்திருப்பார்கள். இப்போது இருவரும் இல்லை. நன்றாக வாழ்ந்துவிட்டுத்தான் போனார்கள். அவர்களைப் பற்றி நினைக்கும்போது எனக்குத் துக்கம் வருவதில்லை. எதைப் போட்டாலும் விளைய வைக்கத் தெரிந்த ஒரு பெண்ணோடு ஒரே வீட்டில் வளர்ந்தேன் என்ற பெருமைதான் வருகிறது.

ஆனால் உங்களுக்குச் சொல்ல நினைத்தது அந்தப் பொங்கல் காலையைத்தான்.

பின்பக்கத்து மண்ணிலேயே கல் கூட்டிப் பொங்கல் வைத்தோம். பானைக் கழுத்தில் இலையோடும் கிழங்கோடும் மஞ்சள் கொத்தைக் கட்டியிருந்தார் அம்மா. பானைக்கு முன்னால் அந்த வருடம் மண்ணுக்குள்ளிருந்து வந்தவையெல்லாம் வரிசையாக இருந்தன: யானைக் காலடி போலச் சேனை, மயிர் மூடிய சேம்பு, சிவப்புச் சர்க்கரைவள்ளி, கடைசியில் மரவள்ளி. சூரியன் அடுத்த வரிசைக் கூரைக்கு மேலே வந்தபோது பால் பொங்கியது. மக்சிக் தன் வாசலில் நின்று கை தட்டினார்.

படைத்த பிறகு அப்பா ஓரமாக ஒரு சின்ன வாழையிலைத் துண்டைப் போட்டார். அதில் கொஞ்சம் பொங்கலும் வேகவைத்த மரவள்ளித் துண்டு ஒன்றும் வைத்தார். வைத்துவிட்டு நகராமல் நின்றார்.

"இது யாருக்குப்பா?" என்று சின்னவன் கேட்டான்.

"உன் சின்ன அத்தைக்கு."

"எங்க அவங்க?"

அப்பா அத்தையைப் பார்த்தார். அத்தைதான் சொன்னார், "சாமிகிட்ட இருக்கா."

"பெரியவங்களா?"

"இல்ல. மூணு வயசு."

சின்னவன் இதை யோசித்தான். தன்னைவிடச் சின்னவள் ஒருத்தி இந்த வீட்டில் இருக்கிறாள் என்று அவன் கேள்விப்படுவது அதுதான் முதல் தடவை. இலைக்கு முன்னால் போய்க் குந்தினான். மரவள்ளியிலிருந்து இன்னும் ஆவி எழுந்துகொண்டிருந்தது.

"சூடா இருக்கு. சின்னப் புள்ளைக்கு வாய் சுடும்" என்றான்.

பிறகு இரண்டு கன்னத்தையும் உப்ப வைத்துக்கொண்டு, அந்தத் துண்டு ஆறும் வரைக்கும் ஊதினான். அவன் ஊதி முடிக்கிற வரையில் நாங்கள் யாரும் அந்த இடத்தைவிட்டு அசையவில்லை.